மூன்று வாசல் பட்டறை

ஸஹாப்தீன் அந்தப் பத்திரத்தில் ஒரு பொய்கூட எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைக் கேள்விப்பட்டவர்களெல்லாம், மனிதன் ஏதோ தில்லுமுல்லு பண்ணி மாட்டிக்கொண்டான் என்றுதான் பேசிக்கொண்டார்கள். கிடையவே கிடையாது. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் எழுதினான், அதுவும் அழிக்க முடியாதபடி மையில் எழுதினான். அவனுக்கு வந்த கேடெல்லாம் அந்த உண்மைக்குள்ளிருந்துதான் வந்தது.

கொட்டாஞ்சேனையில் குடை திருத்திக்கொண்டிருந்தவன் அவன். யுத்தம் தொடங்கிச் சீமையிலிருந்து தூண்டில் வருவது நின்றபோது, மட்டக்குளியிலிருந்து பேதுரு என்ற மீன்பிடிகாரன் ஒரு பழைய தூண்டிலைக் கொண்டுவந்து காட்டினான். "நானா, குடைக்கம்பியில இந்த மாதிரி ஒண்டு வளைச்சுத் தாங்களேன்" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான். ஸஹாப்தீன் வளைத்துக் கொடுத்தான். மறுநாள் பேதுரு ஒரு பாரை மீனோடு வந்து நின்றான். அன்றிலிருந்து குடை போய்த் தூண்டில் ஆயிற்று.

கம்பியை வெட்டி, நுனியை அராவி, பட்டடை இரும்பின்மேல் வைத்துத் தட்டி எதிர்முள் கிளப்பி, வளைத்து, நெருப்பில் சிவக்கவைத்துத் தேங்காயெண்ணெயில் தோய்க்க வேண்டும். கொஞ்சம் கூடினால் முறியும், கொஞ்சம் குறைந்தால் மீன் நிமிர்த்திக்கொண்டு போய்விடும். ஸஹாப்தீனும், மனைவி நளீபாவும், அவளுடைய தம்பி ஜாபிரும் ஆக மூன்று பேர், ஓர் அறைக்குள் இருந்து, மட்டக்குளியிலிருந்து ஹெந்தளை வரைக்கும் உள்ள வள்ளங்களுக்கெல்லாம் தூண்டில் செய்தார்கள். வேறு எவரும் செய்யவில்லை. பழைய குடைகள் முடிந்து, உருக்குக் கம்பிக்கு வந்து, அந்தக் கம்பியும் இப்போது நாலே நாலு சுருள் மிச்சம், சிக்கனமாய் வைத்தால் ஒரு வருடத்துக்குக் காணும். யுத்த காலம், உலோகமெல்லாம் அரசாங்கத்தின் கையில். நாலு சுருளும் முடிந்தால் பட்டறை நெருப்பை அணைக்க வேண்டியதுதான். வள்ளங்களும் மணலில் ஏற வேண்டியதுதான்.

அப்படியிருக்கிற நேரத்தில்தான் கைத்தொழில் கணக்கெடுப்புக் கந்தோரிலிருந்து நவரத்தினம் என்ற உத்தியோகத்தர் பத்திரத்தோடு வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பட்டறையில் பிளேன்டீ குடித்தார். சட்டப் புத்தகத்தில் கைவைத்து, இங்கே கேட்டதை உயிர் போனாலும் வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்யும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"இந்த விபரமெல்லாம் சேர்ந்துதான் அட்டவணை ஆகும். அட்டவணையைப் பாத்துத்தான் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கம்பி எண்டு முடிவெடுப்பினம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ" என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். நிலையம் ஒன்று, ஆட்கள் மூன்று, தூண்டில் வருடத்துக்கு நாலு இலட்சம், கம்பி நாலு அந்தர், அதாவது ஏறத்தாழ நானூற்றைம்பது இறாத்தல். புகைபோக்கிகளின் எண்ணிக்கை என்று ஒரு கேள்வி இருந்தது. ஜாபிர் கூரையை அண்ணாந்து பார்த்து, ஓட்டை ஒன்று என்று எழுதினான்.

அட்டவணை அச்சாகி வந்ததும் ஸஹாப்தீன் நல்ல சாரம் ஒன்றை உடுத்துக்கொண்டு கம்பி கேட்கப் போனான். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் வெள்ளவத்தைக் கடலோரத்துப் பணக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியிருந்தார்கள். அந்த வீடுகளில் ஒன்றை அரசாங்கம் எடுத்து, கீழ்மாடியில் எண்ணுகிற கந்தோரையும் மேல்மாடியில் உலோகம் பகிர்கிற கந்தோரையும் வைத்திருந்தது. நடுவே ஒரு படிக்கட்டு இருந்தது. கீழே எண்ணுகிறவர்கள் மேலே போவதில்லை, மேலே பகிர்கிறவர்கள் கீழே பேசுவதில்லை. அட்டவணை மட்டும் ஏறிப்போகும்.

படிக்கட்டின் அடியில் ஒரு நீள வாங்கு. அதில் ஏழெட்டுப் பேர் முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். ஒருவரிடம் ஸஹாப்தீன், "நீங்க என்ன தொழில்?" என்று கேட்டான். அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "என்ன தொழில் எண்டு செல்லப்படாதாம்" என்றார். அவர் சட்டையெல்லாம் மாட்டுக்கொம்புத் தூள். சீப்பு செய்கிறவர் என்று குழந்தைக்கும் தெரியும்.

மேல்மாடியில் பொன்னம்பலம் இருந்தார். பகிர்வு அதிகாரி. பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி. சன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உம்முடைய தொழில் அட்டவணையிலை இருக்கோ?"

"ஈக்கும் சேர். எழுதிக் குடுத்தன்தானே."

அவர் விரலால் தேடி ஓரிடத்தில் நிறுத்தினார். "தூண்டில். இந்தா. ஒரு கரும்புள்ளி கிடக்குது."

"புள்ளி எண்டா என்ன சேர்?"

"அடிக்குறிப்பைச் சொல்லுறன், கேளும். மூன்றுக்குக் குறைவான நிலையங்கள் உள்ள தொழிலின் விபரம், சம்பந்தப்பட்டவரின் இரகசியத்தைக் காக்கும் பொருட்டு வெளியிடப்படவில்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டுக்குக் குறைவெண்டால் ரெண்டாயும் இருக்கலாம், ஒண்டாயும் இருக்கலாம், ஒண்டுமே இல்லாமலும் இருக்கலாம். யுத்த காலத்திலை ஒரு புள்ளிக்குக் கம்பியைக் குடுத்துப்போட்டு நான் மேலிடத்துக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

"நான் ஈக்கிறன்தானே சேர். இந்தா, முன்னுக்கு நிக்கிறன்."

"நிக்கிறீர், கண்ணுக்குத் தெரியுது. கண்ணாலை பாத்துத் தீர்மானிச்ச காலம் ஒண்டு இருந்தது. அப்ப கெட்டிக்காரன், கண்ணீர் விடுறவன், சொந்தக்காரன் எல்லாருக்கும் கம்பி போச்சுது. இப்ப நான் ஆரையும் பாக்கிறேல்லை. என்ரை சொந்த மச்சான் வந்து நிண்டாலும் அட்டவணையைத்தான் பாப்பன். அதாலைதான் இந்தக் கதிரையிலை நான் நிம்மதியா இருக்கிறன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஸஹாப்தீன் கீழே இறங்கி நவரத்தினத்திடம் போனான். அவர் அவனைக் கண்டதும் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

"நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

"என்ன சேர், எங்கட பட்டறையில பிளேன்டீ குடிச்சீங்களே."

"குடிச்சிருப்பன். எங்கை குடிச்சனான் எண்டு சொல்ல எனக்கு அதிகாரமில்லை."

"மேல ஈக்கிறவருக்கிட்ட ஒரு வார்த்தை செல்லுங்க சேர். கொட்டாஞ்சேனையில இப்பிடி ஒரு மனிசன் ஈக்கிறான், தூண்டில் செய்றான் எண்டு."

நவரத்தினத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பிடிச் சொன்னால் என்னைப் பிடிச்சு ஆறு மாசம் மறியலிலை போடுவினம். உங்களைப் பற்றி உங்களிட்டைச் சொன்னாலும் மறியல்தான். நீங்கள் வேறை ஆருக்கும் சொல்லிப்போடலாமெல்லோ." பிறகு மேசையிலுள்ள மைக்கூட்டைப் பார்த்தபடி சொன்னார். "பொதுவாச் சொல்லுறன். ஒரு தொழிலிலை மூண்டு நிலையம் இருந்தால் புள்ளி விழாது."

வெளியே வரும்போது வாங்கில் சீப்புக்காரரைக் காணவில்லை. அவர் இருந்த இடத்தைப் பியோன் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் எங்கே என்று கேட்டதற்கு, அந்தத் தொழிலின் வரியையே அடுத்த அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றான். ஸஹாப்தீன் வீட்டுக்கு ஓட்டமாக நடந்தான்.

மூன்று நிலையம் இல்லாவிட்டால் என்ன, மூன்று பேர் இருக்கிறார்கள்தானே என்றாள் நளீபா. விதியைப் பார்த்தார்கள். தனி வாசல், தனிப் பலகை, தனிப் பொறுப்பாளர். இவ்வளவும் இருந்தால் தனி நிலையம். ஸஹாப்தீன் முன்சுவரில் இன்னும் இரண்டு வாசல் வெட்டினான். வெட்டி முடிந்தபோது சுவர் என்று சொல்ல அங்கே அதிகம் மிஞ்சவில்லை. ஒரு வாசலில் ஸஹாப்தீன் தூண்டில் நிலையம். அடுத்ததில் நளீபா அன் கொம்பெனி. மூன்றாவதில் ஜாபிர் பிரதர்ஸ். ஜாபிருக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை ஒருவனும் கிடையாது. எழுதின பெயின்டர், பிரதர்ஸ் என்று போட்டால்தான் எடுப்பாயிருக்கும் என்று சொல்லிவிட்டான். மூன்று வாசலாலும் உள்ளே போனால் அதே அறை, அதே நெருப்பு, அதே ஒற்றைப் பட்டடை.

நவரத்தினம் மறுபடி வந்தார். மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார். போட்டி நிலையங்கள் ஒன்றின் விபரத்தை மற்றது அறியக்கூடாது என்று அறைக்குக் குறுக்கே இரண்டு படுக்கைவிரிப்புகளைக் கட்டச் சொன்னார். அவை பட்டடைக்கு மேலே வந்து சந்தித்தன.

ஜாபிர் பள்ளியில் ஜூனியர் வகுப்பு வரை படித்தவன். பத்திரத்தில் பாவிக்கும் கருவிகள் என்ற இடத்தில் அவனுக்குப் பேனா நின்றுவிட்டது.

"சேர், பட்டடை ஒண்டுதான். மூணு பேரும் அதைத்தான் பாவிக்கிற. எப்பிடி எழுதுற?"

"நீங்கள் பட்டடை பாவிக்கிறியளோ, இல்லையோ?"

"பாவிக்கிற."

"அப்ப எழுதுங்கோ. மற்ற ரெண்டு நிலையமும் எதைப் பாவிக்குது எண்டது உங்களுக்குத் தெரியக்கூடாத விஷயம்."

ஜாபிர் எழுதினான். பட்டடை ஒன்று, துருத்தி ஒன்று, இடுக்கி இரண்டு. விரிப்புக்கு அந்தப் பக்கம் நளீபாவும், இந்தப் பக்கம் ஸஹாப்தீனும் அதையேதான் எழுதினார்கள். மூன்றும் உண்மை. சத்தியத்தின் மேல் பயமில்லாத வேறு யாராவது இருந்திருந்தால் தங்களுக்குள் பேசிப் பிரித்து எழுதியிருப்பார்கள். இவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

நளீபா அந்தச் சத்தியத்தை நெஞ்சோடு எடுத்துக்கொண்டாள். ஒருநாள் பகல் சோற்றின்போது, "இண்டைக்கி எத்தனை வளைச்ச?" என்று புருசன் கேட்டான்.

"அது கொம்பெனி விசயம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"சத்தியம் பண்ணீக்கிறன். நீங்கதான் என்ட முதலாவது போட்டியாளராம். பத்திரத்தில ஒங்கட பேரெத்தான் எழுதினன்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். கலியாணம் முடித்துப் பதினைந்து வருடத்தில் அவள் அவனிடம் ஒன்றை ஒளித்தது அதுதான் முதல் தடவை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதிய அட்டவணை வந்தது. புள்ளி போய்விட்டது. வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத் தொழில் முதலாளிமாரை அழைத்திருந்தார்கள். நளீபாவும் அழைக்கப்பட்டிருந்தாள். போட்டி நிலையங்கள் பக்கத்தில் இருக்கக்கூடாதென்று மூவரையும் மூன்று மூலையில் இருத்தினார்கள். அன்று படிக்கட்டடி வாங்கில் இருந்தவர்களில் இரண்டு பேரைத்தான் ஸஹாப்தீனால் அடையாளம் காண முடிந்தது. பொன்னம்பலம் எழுந்து, எழுதிவைத்திருந்ததை வாசித்தார்.

"கனவான்களே, சீமாட்டியே. தூண்டில் கைத்தொழில் ஒரே வருடத்தில் ஒரு புள்ளியிலிருந்து மூன்று நிலையங்களாக வளர்ந்திருக்கிறது. முன்பு இருந்த தொகை இரகசியமாகையால் வளர்ச்சியின் வீதத்தைக் கூற முடியாது. ஆகவே கூற முடியாத வளர்ச்சி என்றே கூறுகிறேன்." கைதட்டல். "இத்தொழிலாளரில் ஒருவரையேனும் நான் அறியேன். அறிய விரும்பவும் இல்லை. அறிந்தால் எனது நடுநிலைமைக்குக் கேடு வரும். ஒரு நிலையத்துக்கு நாலு அந்தருக்குக் குறையாமல் பகிர வேண்டும் என்ற விதிப்படி, இத்தொழிலுக்குப் பன்னிரண்டு அந்தர் உருக்குக் கம்பி வழங்கப்படும்."

ஸஹாப்தீன் கை சிவக்கத் தட்டினான். மற்ற மூலையில் ஜாபிர் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஆனால்," என்று பொன்னம்பலம் தாளைப் புரட்டினார். "இதே அட்டவணை வேறொன்றையும் காட்டுகிறது. நாலு இலட்சம் தூண்டிலுக்கு மூன்று பட்டடைகள், மூன்று துருத்திகள், ஆறு இடுக்கிகள். ஒரு பட்டடையே செய்யக்கூடிய வேலை. பேரரசு இரும்புக்குத் தவிக்கும் வேளையில் இரண்டு பட்டடைகள் சோம்பிக் கிடக்கின்றன. இதை எந்தக் கண்ணும் கண்டிருக்காது. எண்கள் கண்டுபிடித்தன. சோம்பிக் கிடக்கும் கருவிகள் யுத்தத்துக்கு எடுக்கப்படும்."

எல்லோரும் மறுபடி தட்டினார்கள். ஸஹாப்தீன் தட்டவில்லை. கூட்டத்துக்கு மேலாக நளீபாவைத் தேடினான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இரும்பு எடுக்கிற லொறி வந்தது. காக்கிக் காற்சட்டை போட்ட ஒரு சிங்கள அதிகாரி மாத்தயாவும் நாலு கூலியாட்களும் வந்தார்கள். கட்டளையில் இரண்டு பட்டடை, இரண்டு துருத்தி, நாலு இடுக்கி என்றிருந்தது. அறையில் இருந்தது ஒரு பட்டடை, ஒரு துருத்தி, இரண்டு இடுக்கி. எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு மாத்தயா, "கோ அனிக் எக?" என்று சிங்களத்தில் மற்றது எங்கே என்று கேட்டார். விரிப்புகளை விலக்கிப் பார்த்தார். கோழிக்கூட்டைத் திறந்து பார்த்தார். பிறகு பென்சிலால், ஒரு பட்டடை, ஒரு துருத்தி, இரண்டு இடுக்கி ஒளிக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதி, ஒப்படைக்கப் பதினான்கு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

லொறியின் சத்தம் அடங்கினதும் நளீபா விரிப்புகளை இழுத்து அவிழ்த்தாள்.

"நேத்து நான் முந்நூத்தி நாப்பது வளைச்ச" என்றாள் புருசனிடம். "முந்தாநாள் முந்நூத்திப் பத்து." வேறொன்றும் சொல்லாமல் விரிப்புகளை மடித்து வைத்தாள்.

ஸஹாப்தீன் வெள்ளவத்தைக்கு ஓடினான். மேல்மாடியில் பொன்னம்பலம், தான் கம்பியை மட்டும்தான் பார்க்கிறவர் என்றும், கருவிகளைப் பார்க்கிறவர் மலைநாட்டில் சுற்றுப்பயணம் போயிருக்கிறார் என்றும் சொன்னார். கீழே நவரத்தினம் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"பட்டடை ஒண்டுதான் எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே சேர். கண்ணால பாத்தீங்களே."

"அதைச் சொன்னால், ஒவ்வொரு நிலையத்திலையும் என்ன இருந்தது எண்டதை நான் வெளியிட்டதாப் போகும்."

"அப்ப நானே போய்ச் செல்றன்."

"சொல்லலாம். தாராளமாச் சொல்லலாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா யோசிச்சுப் பாருங்கோ. பட்டடை ஒண்டுதான் எண்டால், பட்டடை இருக்கெண்டு எழுதின மூண்டு பேரிலை ரெண்டு பேர் பொய் எழுதியிருக்கினம். பொய் விபரத்துக்கு ஒரு வருசம் மறியல். எந்த ரெண்டு பேர் எண்டு உங்களிட்டைத்தான் கேப்பினம்."

நளீபாவின் கையெழுத்து ஸஹாப்தீனின் கண்ணுக்கு முன்னால் வந்தது. தன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாத அவள், ஜாபிரிடம் எழுதப் பழகி, அந்தப் பத்திரத்தைத் தன் கையாலேயே நிரப்பியிருந்தாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வாங்கில் இப்போது ஒருவரும் இல்லை. பியோன் அதைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தான்.

வியாழக்கிழமை இன்னொரு லொறி வந்தது. பன்னிரண்டு அந்தர் கம்பி. எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய புத்தம்புதுச் சீமைக் கம்பி, சுருள் சுருளாக. ஸஹாப்தீன் ஒன்றைப் பிரித்து விரலால் தடவினான். இவ்வளவு நல்ல கம்பியை அவன் வாழ்க்கையில் கண்டதில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு சுருளிலும் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. ஜாபிர் வாசித்தான். முப்பது நாள் கழித்துப் பாவிக்கப்படாமல் கைவசம் காணப்படும் கம்பி பதுக்கல் எனக் கொள்ளப்படும். தண்டனை இரண்டு வருடக் கடூழியச் சிறை.

ஜாபிர் ரயில் பாதையோரத்திலிருந்து ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து அதன்மேல் வைத்து அடித்துப் பார்த்தான். பத்துத் தூண்டில் செய்தான், பத்தும் முறிந்தன. பட்டடை வாங்கலாம் என்று ஊரெல்லாம் அலைந்தார்கள். கொல்லர்கள் அவர்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்கும் பத்திரம் வந்திருந்தது. கம்பியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஸஹாப்தீன் மறுபடி மேல்மாடி ஏறினான்.

"தேவையில்லை எண்டால் என்னத்துக்குக் கேட்டனீர்?" என்றார் பொன்னம்பலம். "பொய்த் தேவை காட்டுறதும் ஒரு குற்றம்தான். அதுக்கு எவ்வளவு எண்டு பாக்கட்டோ?" அவர் கை புத்தகத்துக்குப் போயிற்று.

"வேணாம் சேர்" என்று சொல்லிவிட்டு ஸஹாப்தீன் இறங்கிவிட்டான்.

கம்பி வந்த இருபத்திரண்டாம் நாள் பேதுரு தூண்டில் தேடி வந்தான். மட்டக்குளியில் பன்னிரண்டு வள்ளத்தில் ஏழு கரையேறிவிட்டன, ஆட்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறார்கள் என்றான். அறைக்குள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த கம்பியைக் கண்டு வாயைப் பிளந்தான். ஸஹாப்தீன் முழுக்கதையையும் சொன்னான். பேதுருவுக்குப் பாதிதான் புரிந்தது. முப்பது நாளும் இரண்டு வருடமும் நன்றாகப் புரிந்தன.

"வீட்டுக்குள்ள இருந்தாத்தானே பிடிப்பாங்க" என்றான். "கடல்ல போடுவம் நானா."

"என்னத்தெ கடல்ல போடுற?"

"கம்பியை."

ஸஹாப்தீனுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. "இந்தக் கம்பிக்கித்தான் நான் ஒரு வருசமா நாய் மாதிரி அந்தப் படிக்கட்டு ஏறி எறங்கின. ஒனக்குத் தூண்டில் செஞ்சு தரத்தான். நீயே வந்து கடல்ல போடச் செல்றியா?"

பதில் சொன்னது நளீபாதான்.

"போடுங்க" என்றாள். "கம்பி நாளைக்கும் கெடைக்கும். ஒங்களெ மறியலுக்கு அனுப்பிட்டு நான் என்ன செய்ற?"

மறுநாளிலிருந்து மூன்று நாள், விடியலில் மிச்சமிருந்த ஐந்து வள்ளங்களும் தூண்டில் இல்லாமல் கம்பியோடு போயின. ஸஹாப்தீனும் ஏறிக்கொண்டான். கரை மறையும் வரை துடுப்புப் போட்டார்கள். பிறகு சுருள் சுருளாக இறக்கினார்கள். நாலு இலட்சம் தூண்டில் செய்கிற கம்பியைப் போல மூன்று மடங்கு, ஒன்றன்பின் ஒன்றாக, சத்தமில்லாமல் இறங்கிற்று. பேதுரு ஒவ்வொரு சுருளுக்கும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். ஸஹாப்தீன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒருவன் அவன் முதுகைத் தடவிவிட்டான்.

பிறகு அரையாண்டுப் பத்திரம் வந்தது. அது உலோகத்தை மட்டும்தான் கேட்டது. பெற்ற கம்பி எவ்வளவு? நாலு அந்தர். கைவசம் மீதி எவ்வளவு? இல்லை. மூன்று வாசல்காரர்களும் அதையே எழுதினார்கள். அதிலும் பொய்யில்லை.

ஒளித்த பட்டடைக்காக மாத்தயா இரண்டு முறை வந்து போனார். இரண்டாவது முறை நிலத்தைக் கிண்டிப் பார்த்தார். அடுத்த தடவை வரும்போது யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்றார். யாரை என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்த கிழமை, முத்திரை பதித்த தடித்த கடதாசியில் மேல்மாடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜாபிர் அதை வாசலில் நின்றே மொழிபெயர்த்து வாசித்தான். ஆறு மாதத்தில் ஓர் இறாத்தல்கூட மிச்சமின்றிக் கம்பியைப் பாவித்து முடித்த ஒரே தொழில் தூண்டில் தொழில்தான் என்று அட்டவணை காட்டுகிறது. கருவிகளைக் குறைத்த பின்னர் இத்தொழிலின் கம்பிப் பாவனை மூன்று மடங்காயிருக்கிறது. ஆகவே கருவிகளைக் குறைக்கும் திட்டம் ஏனைய தொழில்களுக்கும் விரிக்கப்படுகிறது. முன்மாதிரியாக விளங்கும் உங்களுக்கு வரும் அரையாண்டுக்கு முப்பத்தாறு அந்தர் வழங்குவதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. பொன்னம்பலம்.

கடிதத்தை வாசித்து முடிக்கும்போதே ஒழுங்கையின் முனையில் லொறி திரும்புகிற சத்தம் கேட்டது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அயலவர்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நளீபா தலைச்சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "பேதுருக்கிட்ட எத்தனை வள்ளம் ஈக்கிது இப்ப?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்டு" என்றான் ஸஹாப்தீன். மற்றவர்களெல்லாம் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வள்ளம், நாளுக்கு ஒரு நடை என்று வைத்து ஜாபிர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான். ஒரு தடவை பார்த்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தான். "முப்பது நாளுக்குள்ள முடியாது மச்சான்" என்றான்.

முதல் லொறிச் சாரதி இறங்கி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் கடதாசியை நீட்டினான். மூன்று பேரும் வரிசையாகப் போட்டார்கள்.